நீல மூலை

நவம்பர் 2, ஞாயிறு. எடை 67.8

குத்துச்சண்டைப் பயிற்சிக்காகக் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தேன். தின்பதையும் எடையையும் தினமும் எழுதச் சொல்லி, உணவுத் திட்டம் போட்டுத் தரும் அம்மா இந்த நோட்டைக் கொடுத்தார். காலை: நான்கு முட்டையின் வெள்ளைக்கரு, பப்பாளி இரண்டு துண்டு. மதியம்: வேகவைத்த கோழி, பீன்ஸ். ராத்திரி: மதியம் சாப்பிட்டதை நினைத்துக்கொள்ள வேண்டியது. இதை எழுத இருநூறு பக்கம் எதற்கு? மிச்ச இடத்தில் நானே ஏதாவது எழுதிக்கொள்கிறேன். இங்கே பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. இல்லாததில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ரிங்கில் மைக் பிடித்து அறிமுகப்படுத்துவார்களே, அப்படி என்னை நானே அறிமுகப்படுத்திக்கொள்கிறேன். சிவப்பு மூலையில், சென்னை புளியந்தோப்பைச் சேர்ந்த, முப்பத்து நான்கு வயதான, லைட்வெயிட் பிரிவின் ஆசிய சாம்பியன், தென்னரசு! முப்பத்தொரு போட்டி, இருபத்தொன்பது வெற்றி! கைதட்ட ஆள் இல்லை. தகரக் கூரையில் மழைதான் தட்டுகிறது.

டிசம்பர் 13, டெல்லியில் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் போட்டி. முந்தின நாள் தராசில் 61.2 கிலோவுக்கு மேல் ஒரு துளி இருந்தாலும் பட்டம் போச்சு. எடையில் தேறி ரிங்கில் தோற்றாலும் போச்சு. முப்பத்து நான்கு வயதில் தோற்றவனை யாரும் இன்னொரு முறை கூப்பிட மாட்டார்கள். நாற்பத்தொரு நாள் இருக்கிறது.

நவம்பர் 3, திங்கள். 67.5

புதுப் பயிற்சியாளர் இபோம்சா சிங் வந்துவிட்டார். போட்டியை நடத்துகிற கம்பெனி அனுப்பியவர், மணிப்பூர்க்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. ஆங்கிலம் இரண்டு பேருக்கும் அரைகுறை. நல்ல மனிதர். நல்ல மனிதரோடு என்ன பேசுவது என்பதுதான் தெரியவில்லை.

காலையில் தேயிலைத் தோட்டப் பாதையில் பத்து கிலோமீட்டர் ஓடினேன். பிறகு அவர் என் கைகளுக்குத் துணி சுற்றினார். இறுக்கமாகச் சுற்றுகிறார். என் வலது கையில் மோதிர விரலுக்குப் பின்னால் இருக்கிற எலும்பு இருபத்து நான்கு வயதில் ஒரு தடவை உடைந்தது. அந்த இடத்தில் ஒரு மடிப்பு கூடுதலாக வைத்து, அதன்மேல் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும். பழைய ஆள் அப்படித்தான் சுற்றுவான். சொல்லலாம் என்று வாயெடுத்தேன், சொல்லவில்லை. பழைய ஆள் பேச்சே வேண்டாம்.

நவம்பர் 6, வியாழன். 66.9

மழை. ஓடினேன். பீன்ஸ்.

நவம்பர் 9, ஞாயிறு. 66.2

செல்போனில் சிக்னல் வேண்டுமானால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரிக்குத்தான் போக வேண்டும். பன்னும் பப்ஸும் அடுக்கியிருக்கிற கண்ணாடிப் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்து வெந்நீர் குடிக்கிறவன் ஊரிலேயே நான் ஒருவன்தான். இன்றைக்கு அங்கேதான் செய்தியைப் பார்த்தேன். என்னோடு மோதப்போகிறவன் சோம்வீர், ஹரியானாக்காரன், இருபத்து மூன்று வயது. அவன் குத்துகளுக்குக் கையுறை பிடித்து நிற்கிற புதுப் பயிற்சியாளரின் படம் போட்டிருந்தது. லோகு.

லோகு என்றால் லோகநாதன். என் பெண்டாட்டி சுகுணாவின் அண்ணன். அதற்கு முன்னால் என் சிநேகிதன். இரண்டு பேரும் ஒரே நாளில் கார்ப்பரேஷன் மைதானத்துக் கொட்டகையில் கையுறை போட்டோம். அவனுக்குப் புருவம் மெல்லிசு, தொட்டால் ரத்தம். இருபத்திரண்டு வயதில் சண்டையை விட்டுவிட்டு என் மூலையில் வாளியும் டவலுமாக நின்றான். பன்னிரண்டு வருஷம் என் கையைச் சுற்றியவன் அவன்தான்.

போன வருஷம் அக்டோபரில் புனேயில் ஓர் உஸ்பெக் ஆளோடு பத்து ரவுண்டுப் போட்டி. பட்டத்துக்கான போட்டி இல்லை. ஜெயித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது ரவுண்டு ஆரம்பித்த உடனே லோகு டவலை ரிங்குக்குள் எறிந்துவிட்டான். மூலையிலிருந்து டவல் விழுந்தால் போட்டி முடிந்தது, தோற்றது நான் என்று அர்த்தம். ஏன் எறிந்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அத்தனை கேமரா முன்னால் அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டேன். அன்றோடு போனவன்தான். இப்போது என் ரகசியத்தையெல்லாம் தூக்கிக்கொண்டு எதிராளி மூலைக்குப் போய்விட்டான்.

போகட்டும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதெல்லாம் பள்ளிக்கூடத்துச் சுவரோடு சரி.

நவம்பர் 12, புதன். 65.8

பேக்கரியிலிருந்து சுகுணாவுக்குப் போன் போட்டேன். நான்கு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று பெரம்பூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போனவள். நான்கு நாள் கொஞ்சம் நீண்டுவிட்டது. பதின்மூன்று மாதம்.

“சாப்ட்டியா?” என்றாள்.

“பீன்ஸ்.”

“குளுருதா அங்க? சொட்டர் எட்துனு போனியா?”

“உங்கண்ணன் எங்க போயி நிக்கிறான் பாத்தியா?”



“நீயும் அந்த ஆட்டத்த பாக்கவே மாட்டேன்னு கீற. எங்கண்ணன் இன்னாத்துக்கு டவல போட்டாருன்னு ஒரு வாட்டி பாத்துட்டு அப்பறம் வந்து பேசு,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தோற்ற ஆட்டத்தை நான் பார்ப்பதில்லை. அது என் கொள்கை.

நவம்பர் 18, செவ்வாய். 65.0

ஸ்பாரிங் என்கிற பயிற்சிச் சண்டைக்கு இபோம்சா தன் ஊரிலிருந்து ஓர் ஆளைக் கூட்டி வந்திருக்கிறார். மூன்றாவது ரவுண்டில் அவன் குனிய, என் வலது குத்து போய் அவன் உச்சி மண்டையில் இறங்கியது. கையில் கொஞ்சம் வீக்கம். ஒன்றுமில்லை. வாளித் தண்ணீரில் ஐஸ் போட்டு அரை மணி நேரம் வைத்திருந்தேன். இந்தப் பேனா சரியில்லை, எழுத்து கோணலாக விழுகிறது.

நவம்பர் 20, வியாழன். 64.7

தோள் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று இபோம்சாவிடம் சொல்லி வைத்தேன். ஒரு வாரம் இடது கை மட்டும். எக்ஸ்ரே எடுத்தால் கம்பெனிக்குத் தகவல் போகும். போட்டியைத் தள்ளி வைப்பார்கள், இல்லையென்றால் பட்டத்தைப் பிடுங்கிக் காலி என்று அறிவித்து வேறு இரண்டு பேரை மோத விடுவார்கள். கொஞ்சம் வீக்கத்துக்காக யாராவது அவ்வளவு தூரம் போவார்களா?

புதுப் பேனா வாங்கினேன். இதுவும் சரியில்லை.

நவம்பர் 24, திங்கள். 64.1

கண்ணாடி பார்த்துச் சவரம் செய்தேன். கன்னம் உள்ளே போய்விட்டது. இடது கையால் சவரம் செய்வது நல்ல பயிற்சி.

இபோம்சா எனக்கு இந்தி கற்றுக்கொடுக்கிறார். தொங்குகிற மூட்டையில் மேலே தட்டி “சிர்” என்றால் தலை. கீழே தட்டி “பேட்” என்றால் வயிறு. சொல்லச் சொல்ல நான் இடது கையால் குத்த வேண்டும். இன்றைக்குத் திடீரென்று நிறுத்திவிட்டு என் வலது கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் “ஷோல்டர், ஷோல்டர்” என்றேன். அவர் போய் எனக்கும் சேர்த்து இஞ்சி தட்டி வெந்நீர் போட்டார். ஒருவருக்கொருவர் பாஷை தெரியாததில் இது ஒரு சௌகரியம்.

நவம்பர் 29, சனி. 63.4

பேக்கரியில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். சுகுணா சொன்னதற்காக இல்லை. மழை விடவில்லை, வேறு வேலையும் இல்லை. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

ஐந்தாவது ரவுண்டில் நான் விழுகிறேன். ஏழாவதில் இரண்டு முறை விழுகிறேன். இந்த மூன்றும் எனக்கு ஞாபகத்தில் இல்லை. எட்டாவது ரவுண்டு முடிந்து மணி அடிக்கிறது. நான் திரும்பி நேராக நீல மூலைக்குப் போகிறேன். அன்றைக்கும் என்னுடையது சிவப்பு மூலை. உஸ்பெக் ஆளுக்குப் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்து, தண்ணீருக்கு வாயைத் திறந்துகொண்டிருக்கிறேன். அவர்கள் ஆட்கள் சிரிக்கிறார்கள். கூட்டம் சிரிக்கிறது. லோகு குறுக்கே ஓடி வந்து, என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, இழுத்துக்கொண்டு வருகிறான். அவன் வாயைப் பார்த்தால் என்ன சொல்கிறான் என்று புரிகிறது. “இங்க வாடா. இங்க வாடா மச்சான்.”

பிறகு டவல். பிறகு அறை.

அறைந்தவுடன் அவன் கன்னத்தைப் பிடித்துக்கொள்வான் என்று எதிர்பார்த்தேன். பிடிக்கவில்லை. என் பல்லில் மாட்டியிருந்த ரப்பர் கவசத்தை விரல் விட்டு வெளியே எடுக்கிறான், நான் மூச்சுவிட வேண்டும் என்று.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். பதின்மூன்று மாதம் நான் அந்தப் பூனையாக இருந்திருக்கிறேன்.

நவம்பர் 30, ஞாயிறு. 63.3

எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 2, செவ்வாய். 63.0

லோகுவின் எண்ணைத் தட்டினேன். ஒரு தடவை மணி அடிப்பதற்குள் துண்டித்துவிட்டேன். போட்டிக்கு முன்னால் எதிராளி மூலையோடு பேசக் கூடாது, அது எங்கள் தொழிலின் தர்மம். அதனால்தான் துண்டித்தேன்.

அவன் திருப்பிக் கூப்பிடவில்லை. அவனும் தர்மவான்.

டிசம்பர் 7, ஞாயிறு. 62.5

வீக்கம் வடிந்திருக்கிறது. குத்தினால் மட்டும் வலிக்கிறது. குத்துச்சண்டைக்காரனுக்குக் குத்தினால் மட்டும் வலிக்கிறது என்பது, சமையல்காரனுக்கு அடுப்பைக் கண்டால் மட்டும் பயம் என்பது மாதிரி. நானே சொல்லி நானே சிரித்தேன். அந்தச் சிரிப்பு அறையில் ஒரு மாதிரியாகக் கேட்டது.

டிசம்பர் 12, வெள்ளி. டெல்லி. 61.1

நேற்றிலிருந்து தண்ணீர் கிடையாது. இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஹோட்டல் படிக்கட்டில் ஏறி இறங்கினேன். கடைசியில் எச்சில் துப்புவதற்குக்கூட வாயில் ஈரம் இல்லை. தராசில் 61.1. பட்டம் இன்னும் என்னுடையது.

டாக்டர் கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், “கையை மூடித் திற” என்று சைகை காட்டினார். மூடித் திறந்தேன். சிரித்துக்கொண்டே திறந்தேன்.

படம் எடுப்பதற்காக சோம்வீரும் நானும் மூக்கோடு மூக்கு நின்றோம். அவன் தோளுக்குப் பின்னால் லோகு. முன்தலையில் நரை விழுந்திருக்கிறது. என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வலது கையைத்தான் பார்த்தான். நான் அதைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சாம்பியன் திமிர் என்று பத்திரிகைக்காரர்கள் நினைத்திருப்பார்கள்.

பன்னிரண்டு வருஷத்தில் அவன் கைபடாமல் நான் பட்டத்துக்காக ரிங் ஏறியதே இல்லை. பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், அடிக்கப்போவதில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு. டெல்லி, ஆஸ்பத்திரி. எடை பார்க்கவில்லை

வலது கையில் மாவுக்கட்டு. நான் சொல்லச் சொல்ல வேறோர் ஆள் எழுதுகிறான். யாரென்று கடைசியில் சொல்கிறேன். கையெழுத்து என்னுடையதைவிட அழகு.

போட்டிக்கு முன்னால் உடை மாற்றும் அறையில் கை சுற்றும்போது, எதிராளி மூலையிலிருந்து ஓர் ஆள் வந்து நின்று பார்ப்பான். துணிக்குள் இரும்போ கட்டியோ வைத்துவிடக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம். முடிந்ததும் அவனும் அதிகாரியும் சுற்றின துணிமேல் கையெழுத்துப் போடுவார்கள். பார்க்கிறவன் எங்களோடு பேசக் கூடாது. குறை இருந்தால் அதிகாரியிடம் சொல்லலாம்.

கதவைத் திறந்துகொண்டு லோகு வந்தான். பதினாலு மாதத்துக்குப் பிறகு மறுபடி என் உடை மாற்றும் அறையில் அவன். சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

இபோம்சா வலது கையைச் சுற்ற ஆரம்பித்தார். அந்த எலும்பின் மேல் துணியை இறுக்கியபோது நான் முகத்தை அசைக்கவில்லை. கால் கட்டைவிரல் மட்டும் மடங்கிவிட்டது. லோகு என் காலைப் பார்த்தான். சுற்றி முடித்த சமயம் “அப்ஜெக்‌ஷன்” என்றான். பிளாஸ்திரி விரல் முட்டிக்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டது, செல்லாது, அவிழ்க்க வேண்டும்.

அவிழ்த்தார்கள். வெளிச்சத்தில் என் கை எல்லோருக்கும் முன்னால் கிடந்தது. என்னை நிர்வாணமாக நிறுத்தியது போல இருந்தது. பாவி, பழி தீர்க்கிறான் என்று நினைத்தேன். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர என் கையைப் பார்க்கவில்லை.

மறுபடி சுற்றும்போதும் லோகு விடவில்லை. அரைகுறை இந்தியில் அதிகாரியிடம் ஒவ்வொன்றாகக் குறை சொன்னான். மணிக்கட்டில் மூன்று சுற்றுதான் முறை. முட்டிக்கு மேல் துணி எட்டு மடிப்பு வேண்டும். மோதிர விரலுக்குப் பின்னால் இன்னொரு மடிப்பு வைத்துத் தளர்த்த வேண்டும், இல்லையென்றால் கையெழுத்துப் போட மாட்டேன். அதிகாரிக்கு அலுத்துவிட்டது. “அவர் கேட்கிற மாதிரியே சுற்றுங்கள்” என்றார். பாதியில்தான் எனக்குப் புரிந்தது. குறை சொல்வது போலச் சொல்லி, இபோம்சாவின் கையால் என் கையைச் சுற்றிக்கொண்டிருந்தான். முடிந்ததும் வலி கால்வாசி ஆகிவிட்டது.

கையெழுத்துப் போடக் குனிந்தான். இடது கையில் அழுத்தி எழுதினான். வலது கையில் அந்த எலும்பு இருக்கிற இடம் வந்ததும் பேனாவைத் துணிமேல் படவிடாத மாதிரி நகர்த்தினான். நிமிர்ந்து பார்க்காமலே போய்விட்டான்.

எழுதுகிறவன் இங்கே நோட்டை மூடிவைத்துவிட்டு டீ குடிக்கப் போய், இப்போதுதான் வந்தான். டீ குடித்தால் கண் சிவக்குமா என்ன?

ஆட்டம். முதல் மூன்று ரவுண்டு என் இடது கையாலேயே முன்னால் இருந்தேன். நான்காவதில் வலது குத்து ஒன்று விட்டேன். உள்ளே ஏதோ பிளந்தது. அதற்குப் பிறகு அந்தக் கை அலங்காரத்துக்குத்தான். சோம்வீர் அதைக் கண்டுகொண்டான். வலது வராது என்று தெரிந்தால் எவனும் நேராகத் தலைக்குத்தான் வருவான். இவன் வரவில்லை. ரவுண்டுக்கு ரவுண்டு வயிறு, விலா, வயிறு. நீல மூலையிலிருந்து லோகுவின் குரல் ஓயாமல் கேட்டது. “பேட்! பேட்!” என் மூச்சை உடைத்துக் களைக்க வைக்கும் தந்திரம், சரிதான், பாடம் தெரிந்தவன் என்று நினைத்தேன்.

ஆறாவது ரவுண்டில் என் இரண்டு கையும் இறங்கிவிட்டன. தலை கதவில்லாத வீடு மாதிரித் திறந்து கிடந்தது. சோம்வீர் வலது கையைப் பின்னால் இழுத்தான். அப்போது லோகு தொண்டை கிழியக் கத்தினான். “சிர் நஹி! சிர் நஹி! பேட்!”

எந்தப் பயிற்சியாளனும் அந்த நேரத்தில் தலையை அடிக்காதே என்று சொல்ல மாட்டான். சோம்வீரே ஒரு நொடி குழம்பிப்போய்த் தன் மூலையைப் பார்த்தான். பிறகு விலாவில் குத்தினான். எனக்கு வலித்த வலியில் அழுகை வந்தது. வலிக்காக மட்டும் வந்த அழுகை இல்லை.

எட்டாவதில் கல்லீரல் பக்கம் ஒன்று விழுந்தது. ஒரு முழங்காலில் உட்கார்ந்தேன். நடுவர் எண்ணினார். ஒன்று முதல் பத்து வரைக்கும் ஒவ்வொரு எண்ணும் தெளிவாகக் கேட்டது. நடுவர் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை என்பதுகூடத் தெரிந்தது. எழ முடியவில்லை. பட்டம் போய்விட்டது.

சோம்வீர் கையைத் தூக்கி அறிவித்தார்கள். இபோம்சா என்னை சிவப்பு மூலைக்கு வரச் சொல்லித் தோளில் கை வைத்தார். நான் அவர் கையை எடுத்துவிட்டு நீல மூலைக்கு நடந்தேன். போன தடவை மாதிரியே கூட்டம் சிரித்தது. மூளை கலங்கிவிட்டது, மூலை தெரியாமல் போகிறான் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு எந்த மூலைக்குப் போகிறேன் என்று நன்றாகத் தெரியும்.

லோகு முக்காலியை எடுத்துப் போட்டான். உட்கார்ந்தேன். வாயில் விரல் விட்டு ரப்பர் கவசத்தை எடுத்தான். கத்தரியால் துணியை வெட்டி என் வலது கையை வெளியே எடுத்தான்.

“எப்போ ஒடஞ்சிது?”

“கோத்தகிரில. ஒரு மாசம் ஆவுது.”

“அறிவுகெட்டவனே.”

“அப்டி கத்துனியே, தலைல அடிக்காதன்னு. அவன் தோத்திருந்தா இன்னா பண்ணியிருப்ப?”

“தோத்துருக்க மாட்டான். ஒன் வலது வராதுன்னு மொத ரவுண்டு முடிஞ்சவுடனே அவங்கிட்ட சொல்லிட்டேன். அவன் என் ஆளு, சொல்லாம இருந்தா துரோகம். தலைல வேணான்னும் சொன்னேன். அது எனக்காவ.”

எழுதுகிறவன் லோகுதான். பக்கங்களைப் புரட்டாதே என்று சொல்லியிருந்தேன். மயக்க ஊசியில் நான் தூங்கினபோது மொத்தத்தையும் படித்துவிட்டான். சோம்வீரும் இபோம்சாவும் கீழே கேன்டீனில் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்களாம். சுகுணா ரயில் ஏறிவிட்டாளாம். வருவது அண்ணனைப் பார்க்கவா புருஷனைப் பார்க்கவா என்று கேட்டதற்கு, “வந்தப்பறம் தெரியும்” என்றாளாம்.

டிசம்பர் 14, மாலை

இது என் இடது கை. ஒரே ஒரு வரியை மட்டும் எழுத மாட்டேன் என்று சொல்லி, “போடா டேய்” என்று நோட்டை என் மடியில் போட்டுவிட்டு லோகு கஞ்சி வாங்கப் போயிருக்கிறான். அதனால் நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக விழுகிறது. பேனா நல்ல பேனாதான்.

மச்சான், உன்னை அடித்தது தப்பு. நீ இல்லாமல் பதினாலு மாதம் தனியாகத்தான் இருந்தேன்.